பதினோராவது கையெழுத்து

மெய்யம்மைக்கு அரசாங்க வேலை கிடைத்தபோது வயது நாற்பத்தைந்து. அந்த வயதில் எங்கள் பக்கத்து ஆச்சிமார்கள் சம்பந்தி வீட்டுச் சீர்வரிசையில் என்ன குறை என்று பேசிக்கொண்டிருப்பார்கள். இவளோ புதுச் செருப்பு வாங்கி, புது டிபன் பாக்ஸ் வாங்கி, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினாள். ஊர் சிரித்தது. ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது?

பி.எட். முடித்த கையோடு அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. வேலை வந்தால் தாராளமாகப் போகட்டும் என்று மாமியார் அப்போதே பெரிய மனது பண்ணிச் சொன்னார். வேலையாவது வருவதாவது என்ற தைரியம்தான். அந்தத் தைரியம் வீண்போகவில்லை. இருபத்து மூன்று வருடம் வேலை வரவேயில்லை. மெய்யம்மை வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தாள். போட்டித் தேர்வு வந்ததும் அதையும் எழுதினாள். நாலு தடவை தோற்றாள். ஐந்தாவது தடவை, மாமியாரும் போய்ச் சேர்ந்து, மகள் மதுமிதாவும் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, தேறிவிட்டாள். இயற்பியல் முதுகலை ஆசிரியர். இடம், ஆவூர்ப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி.

திருமயத்துக்கு நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது அவர்கள் ஊர். அங்கிருந்து திருமயம், புதுக்கோட்டை, கீரனூர் என்று போய் ஆவூரை எட்ட ஐம்பத்தெட்டு கிலோமீட்டர். மூன்று பஸ் மாற வேண்டும். முதல் மாதம் அப்படித்தான் போனாள். மூன்றில் ஒன்று வராவிட்டால் மற்ற இரண்டும் இருந்தும் பிரயோசனமில்லை. இரவு எட்டு மணிக்கு வீடு வந்து, நின்றபடியே சாப்பிட்டு, படுத்துவிடுவாள்.

அவள் கணவன் ஆதப்பன் திருமயத்தில் இரும்புக்கடை வைத்திருக்கிறார். பைப்பு, ஆணி, மோட்டார், வெல்டிங் கம்பி எல்லாம் விற்கிற கடை. நல்ல மனிதர், கோபமும் நல்லாவே வரும். "நமக்கு என்ன கொறைச்சல்னு நீ இப்படிக் கெடந்து அலையுறே?" என்று ஒரு நாள் கேட்டார்.

"கொறைச்சல்னு யாரு சொன்னா? எனக்குப் பாடம் நடத்தணும்," என்றாள் மெய்யம்மை.

அந்தச் சமயத்தில் அவள் அண்ணன் மகன் அருண் சென்னையிலிருந்து வெளிநாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். நாலு வருடம் ஓட்டிய பேட்டரி கார் ஒன்று அவனிடம் இருந்தது. "அயித்தை, இதை நீங்க எடுத்துக்கங்க. வீட்டுலயே சார்ஜ் போட்டுக்கலாம்," என்றான். கார் ஓட்ட மெய்யம்மைக்கு ஏற்கெனவே தெரியும். ஆவணியில் வண்டி வந்து சேர்ந்தது.

ஆதப்பன் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். புகை வராத வண்டி மேல் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. கடைசியில் ஓர் ஒப்பந்தம் சொன்னார். "வெயில்ல எந்த வண்டியும் ஓடும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி தாண்டட்டும். தை பொறக்குறப்ப இந்த வண்டியில ஒழுங்கா போயிட்டு வந்துக்கிட்டு இருந்தேன்னா நான் வாயைத் தொறக்க மாட்டேன். இல்லைன்னா வேலையை எழுதிக் குடுத்துரணும். சரியா?"

மெய்யம்மை சரி என்றாள். வேறு என்ன சொல்வாள்? இருபத்து மூன்று வருடம் காத்திருந்து வாங்கின வேலை, இப்போது ஒரு பேட்டரியின் தயவில் தொங்கியது.

வண்டியின் குணம் அவளுக்கு ஒரு மாதத்தில் பிடிபட்டது. முழுதாக ஏற்றினால் காய்ந்த நாளில் நூற்றெண்பது கிலோமீட்டர் ஓடும். மழை நாளில் அதே வண்டி நூற்று நாற்பதுக்கே மூச்சு வாங்கும். ரோட்டில் தண்ணீர் நின்றால் சக்கரத்துக்கு இழுவை அதிகம். கண்ணாடியில் ஆவி படியாமல் இருக்க ஏ.சி. ஓட வேண்டும். ஆக, மழையில் பள்ளிக்கூடம் போய்ச் சேர நாற்பது சதவீதம், வீடு திரும்ப நாற்பது சதவீதம். கையிருப்பு இருபது. வழியில் ஒரு மரம் விழுந்து சுற்றிப் போக நேர்ந்தால் அந்த இருபதுதான் துணை.

இதை வைத்துக்கொண்டு அவள் ஒரு முறையை வகுத்தாள். ஐம்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போவதில்லை. வாரா வாரம் டயரில் காற்று பார்ப்பாள். சும்மா டிக்கியில் கிடந்த பித்தளைப் பாத்திர மூட்டையை இறக்கி வைத்தாள். ஏ.சி.யைத் தொடர்ந்து போடாமல், கண்ணாடி மங்கும்போது இரண்டு நிமிடம் போட்டு அணைப்பாள்; மற்ற நேரத்தில் மடியில் ஒரு துண்டு. காலையில் கிளம்புகிற நேரத்துக்குச் சற்று முன்புதான் சார்ஜ் ஏறி முடிய வேண்டும், அப்போது பேட்டரி கதகதப்பாக இருக்கும், நாலைந்து கிலோமீட்டர் கூடுதலாக ஓடும் என்று கண்டுபிடித்து, இரவு ஒன்பது மணிக்குமேல் ஏற ஆரம்பிக்கும்படி வைத்தாள். இயற்பியல் படித்தவள் அல்லவா!

சார்ஜ் போடும் இடம் வீட்டின் பின்கட்டை ஒட்டிய கார் கொட்டகை. அந்தக் காலத்தில் அப்பச்சியின், அதாவது ஆதப்பனின் தகப்பனாரின், பெரிய கார் நின்ற இடம். வீட்டு மெயினிலிருந்து தடித்த ஒயர் இழுத்து, கனமான பிளக் ஒன்று போட்டுக் கொடுத்தார் எலக்ட்ரீஷியன். அந்த வருடம் பெருமழை பிந்தியதால் ஐப்பசி முடியும் வரை ஒரு சிக்கலும் இல்லை. தினமும் காலை ஆறரைக்கு நூறு சதவீதத்தோடு கிளம்பினாள்.

கார்த்திகையில் அடைமழை பிடித்தது. ஒரு நாள் காலை வண்டியில் உட்கார்ந்து பார்த்தால் முப்பத்தெட்டு சதவீதம். புதுக்கோட்டை பைபாஸில் இருக்கிற பொதுச் சார்ஜருக்குப் போய், வரிசையில் காத்திருந்து, முக்கால் மணி நேரம் ஏற்றிக்கொண்டு, பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தபோது முதல் பாடவேளை முடிந்திருந்தது. நாலு நாள் கழித்து மறுபடியும் அதே கதை. அடுத்த வாரம் மூன்றாவது தடவை. தலைமையாசிரியர் மரியாதையான மனிதர், மரியாதையாகவே சொன்னார். "டீச்சர், அரையாண்டுத் தேர்வு வருது. அந்த நேரத்துல இப்படி ஆகக் கூடாது, பாத்துக்கங்க."

"சொன்னேன்ல?" என்றார் ஆதப்பன்.

இரவில் கரண்ட் போகிறது என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்தது. மழைக்காலத்தில் கரண்ட் போவது உலக வழக்கம். படுக்கையறை விளக்கு இன்வெர்ட்டரில் எரிவதால் எப்போது போனது, எப்போது வந்தது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. குளிருக்கு ஃபேனும் போடுவதில்லை. ஆகவே லைன்மேன் நாகராசுவைத் தெருவில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் நாகராசு, ராத்திரி ராத்திரி எங்க தெருவுக்கு மட்டும் கரண்ட்டை நிறுத்திப்புட்டு நீங்க நிம்மதியாத் தூங்குறீங்களா? இங்கிட்டு ஒருத்தி வேலைக்குப் போறது ஒங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

நாகராசு சைக்கிளை விட்டு இறங்கினான். நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஆச்சி, என்ன இப்படிப் பேசுறீங்க? இந்த மாசம் ஒங்க தெருவுல ராத்திரியில கரண்ட் போகவே இல்லையே. எதுத்த வீட்டுல கேளுங்க."

எதிர் வீட்டில் கேட்டாள். அங்கே விடிய விடிய லைட் எரிந்ததாம். மெய்யம்மைக்கு ஒன்றும் புரியவில்லை. நாகராசுவே உள்ளே வந்து, மீட்டர் போர்டைப் பார்க்கலாம் என்றான். முன்கட்டு மூலையில் இருட்டாகக் கிடந்த போர்டின் மேல் டார்ச் அடித்தான். போர்டுக்குப் பக்கத்தில், பழுத்துப்போன ஒரு காகிதம் சுவரில் ஒட்டியிருந்தது. நாகராசு சத்தமாகப் படித்தான்.

"இடி இடித்தால் மெயினை அணைக்கவும். விடிந்த பிறகே போடவும். இப்படிக்கு, ஆ. மெய்யம்மை."

கையெழுத்து அவளுடையதுதான். கல்யாணமாகி வந்த இரண்டாம் வருடம், ஒரு இடியில் அவள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த புது கிரைண்டர் புகைந்துபோனது. அழுது, ஆத்திரப்பட்டு, அன்றைக்கே எழுதி ஒட்டிய காகிதம். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் வெள்ளைச்சாமி அந்த உத்தரவை இருபத்திரண்டு வருடமாக ஒரு மழை தவறாமல் நிறைவேற்றி வருகிறார். இடி இடித்தால் எழுந்து வந்து மெயினை அணைப்பார். விடிகாலை வாசல் கதவைத் திறக்கும்போது போடுவார். அந்த வீட்டில் அது எல்லோருக்கும் பழகிப்போன சங்கதி. ஆகையால் ஒருத்தருக்கும் அது நினைவில்லை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான். நாகராசு சிரிப்பை அடக்க மிகவும் பாடுபட்டான்.

அவள் அவனிடம் மன்னிப்புக் கேட்டாள். தெருவில் திட்டியதால் தெருவிலேயே நின்று கேட்டாள்.

வெள்ளைச்சாமிக்கு அறுபத்திரண்டு வயது. கூப்பிட்டுக் கேட்டபோது அவர் கொஞ்சமும் அசைந்து கொடுக்கவில்லை. "நீங்க சொன்னதுதானே ஆச்சி? ஆனா இப்ப நிறுத்தச் சொன்னா நிறுத்த முடியாது. இது ஒங்க ஒருத்தர் வீடா? பதினோரு பங்காளிக சாமான் உள்ளாற இருக்கு. எல்லாரும் சேந்துதான் எனக்குச் சம்பளம் தாராங்க. நாளைக்கு ஒரு இடியில எதாச்சும் கருகுச்சுன்னா நான் யாருக்குப் பதில் சொல்லுவேன்?"

அவர் சொன்னதில் தப்பே இல்லை. பழைய வயரிங், எர்த் என்று ஒன்று இருந்ததா என்பதே சந்தேகம். மெயினைப் போட்டுவைக்கச் சொல்ல மெய்யம்மைக்கே மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. ஒரே வழி, கார் கொட்டகைக்குத் தனி மீட்டர், தனி எர்த். நாகராசுவும் அதையேதான் சொன்னான். "பங்காளிக அத்தனை பேரும் சம்மதம்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தா ஒரே வாரத்துல வந்துரும் ஆச்சி."

அத்தனை பேரும் என்றான் சர்வசாதாரணமாக. அந்த வீட்டின் கதையே அதுதான். ஆதப்பனின் கொள்ளுத்தாத்தா, பாட்டையா கட்டிய வீடு. இப்போது பதினோரு பங்கு. சென்னையில் நாலு, கோயம்புத்தூரில் இரண்டு, மலேசியாவில் ஒன்று, மதுரையில் மூன்று, ஊரோடு இருப்பது ஆதப்பன் ஒருவர்தான். ஒழுகுகிற ஓட்டை மாற்ற வேண்டுமானாலும் பதினோரு பேர் தலையாட்ட வேண்டும். ஆறு வருடம் முன்னால் முகப்புக்கு எந்த நிறம் அடிப்பது என்று தொடங்கிய பேச்சு இன்னும் முடியவில்லை.

மெய்யம்மை மனம் தளரவில்லை. சம்மதக் கடிதம் ஒன்று எழுதி, கீழே பதினோரு கோடு போட்டாள். அதுவரைக்கும் சமாளிக்க ஒரு வழி செய்தாள். இரவு ஒன்பது மணிக் கெட்டிக்காரத்தனத்தைக் கைவிட்டு, வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாகப் பிளக்கைச் செருகினாள். இடி வருவதற்குள் ஏறியமட்டும் லாபம். இடி முந்திக்கொண்ட நாளில் காலை ஐந்தே காலுக்கே கிளம்பி, புதுக்கோட்டை பைபாஸில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்தினாள். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்தது. ஆனால் அதற்குப் பிறகு ஒரு நாள்கூடத் தாமதமாகப் போகவில்லை.

மார்கழியில் பிள்ளையார் நோன்பு வந்தது. கார்த்திகை தீபத்திலிருந்து இருபத்தோரு நாள் கழித்து, மாவிளக்கில் இருபத்தோரு நூலிழை சேர்த்த திரியைக் கொளுத்தி, எரிகிற சுடரோடு வாயில் போட்டுக்கொள்கிற நோன்பு. நகரத்தார் எந்தச் சீமையில் இருந்தாலும் விட மாட்டார்கள். அந்த வருடம் மூத்த பங்காளி விஸ்வநாதனின் பேரனுக்குக் கல்யாணமாகி வருகிற முதல் நோன்பு. ஊரில்தான் கும்பிட வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். மலேசியாப் பங்கு உட்பட அத்தனை பேரும் வந்து இறங்கினார்கள்.

எழுபத்தெட்டு வயது விஸ்வநாதன் எதற்கும் லேசில் கையெழுத்துப் போடாதவர். இழை எடுத்து முடித்து, எல்லோரும் பலகாரத் தட்டோடு வளவில், நடுமுற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து மெய்யம்மை காகிதத்தை நீட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"ஒன் வண்டிக்குத் தனிமீட்டர். வீட்டு மெயினுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. அப்படித்தானே?"

"ஆமாங்க. இடி இடிச்சா வீட்டு மெயினை வெள்ளைச்சாமி எப்பவும் போல அணைச்சுக்கலாம்."

"இந்த வீட்டுல பொறந்த பொண்ணும் சரி, வந்த பொண்ணும் சரி, சம்பளம் வாங்கினது நீ ஒருத்திதான்," என்றார் அவர். பாராட்டா குற்றமா என்று யாருக்கும் பிடிபடவில்லை. அவரே பேனாவைக் கேட்டு வாங்கி முதல் கையெழுத்தைப் போட்டார். பெரியவரே போட்ட பிறகு மற்றவர்கள் வாய் திறப்பார்களா? மளமளவென்று இறங்கின. மெய்யம்மை எண்ணிப் பார்த்தாள். பத்து. பதினோராவது கோடு காலி.

அது ஆதப்பனின் கோடு.

"யோசிக்கிறேன்," என்றார் அவர், எல்லோர் முன்னாலும். தட்டை வைத்துவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். மலேசியா வரை வளைத்துப் பிடித்தவளுக்கு வீட்டு வாசல்படி தடுக்கியது. மெய்யம்மைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கோபமும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு, காகிதத்தை மடித்து அலமாரியில் வைத்தாள்.

மூன்று நாள் இருவரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. நாலாம் நாள் அரையாண்டு இயற்பியல் தேர்வு. முதல் நாள் மாலை ஆதப்பன் சொன்னார்: "நாளைக்கு நானும் வாரேன். அப்படி என்னதான் நடக்குதுன்னு ஒரு நாள் பாக்குறேன்." பார்த்துவிட்டு, வேண்டாம் என்று சொல்வதற்குத்தான் வருகிறார் என்பது அவளுக்குத் தெரியும். வாங்க என்றாள்.

அன்றைக்கென்று முன்னிரவிலேயே இடி. காலையில் வண்டியில் அறுபத்தொரு சதவீதம். ஐந்தே காலுக்கு இருவரும் கிளம்பினார்கள். திருமயம் கோட்டைகூடத் தெரியாத அளவுக்குப் பனிமூட்டம். மெய்யம்மை நாற்பதில் ஓட்டினாள்.

"என்ன, கட்டை வண்டி மாதிரி ஓட்டுறே? அமுக்கு."

"அமுக்குனா பாட்டரி தின்னுரும். பேசாம வாங்க."

புதுக்கோட்டை பைபாஸ் சார்ஜரில் அன்று சிவப்பு விளக்கு. வேலை செய்யவில்லை. மெய்யம்மை இறங்கிப்போய் இரண்டு தடவை முயன்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். நாற்பத்தாறு சதவீதம். போய்ச் சேரலாம், திரும்பி வர முடியாது. அவள் ஒரு நிமிடம்தான் யோசித்தாள். "பரீட்சை ஒன்பதரைக்கு. மொதல்ல போயிருவோம். திரும்புறதை அப்புறம் பாத்துக்கலாம்," என்று வண்டியை எடுத்தாள்.

அதற்குப் பிறகு ஆதப்பன் பாதையைப் பார்க்கவே இல்லை. திரையில் இருந்த எண்ணையே பார்த்துக்கொண்டு வந்தார். நாற்பத்தைந்து. நாற்பத்து நாலு. வண்டியில் செருகியிருந்த தன் போனைப் பிடுங்கினார். ரேடியோவை அணைத்தார். "லைட்டைக் கொறைக்க முடியாதா?" என்று கேட்டார். துண்டை வாங்கி அவரே கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். கீரனூர் தாண்டும்போது ஒரு லாரி தண்ணீரை வாரி இறைத்துவிட்டுப் போக, லாரிக்காரனின் ஏழு தலைமுறையையும் திட்டினார். மெய்யம்மைக்குச் சிரிப்பு வந்தது. மூன்று நாளுக்குப் பிறகு வந்த சிரிப்பு.

"எதுக்குச் சிரிக்கிறே?"

"நான் தெனமும் வாரேன். நீங்க ஒரு நாளுக்கே இப்படி வேர்க்குறீங்க."

அவர் கண்ணாடியைத் துடைத்தபடியே சொன்னார்: "சாயங்காலம் ஆறரை மணி ஆச்சுன்னா எனக்குக் கடையில உக்கார முடியலை மெய்யம்மை. ரோட்டையே பாத்துக்கிட்டு நிக்கிறேன். மழை வேற. ஆணி கேட்டு வந்தவனுக்கு போல்ட்டைக் குடுத்து அனுப்புறேன். கையெழுத்துப் போட்டா இது இனிமே நிக்கவே நிக்காதேன்னுதான்..." மெய்யம்மை பாதையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆனால் அவளுக்கு நெஞ்சு இளகிவிட்டது. வறட்டுப் பிடிவாதம் என்று நினைத்திருந்தாள். மனிதர் பயந்துபோய்க் கிடந்திருக்கிறார். இதை முன்னாலேயே வாயைத் திறந்து சொன்னால் என்னவாம்?

பள்ளிக்கூட வாசலில் இருபத்தாறு சதவீதம். மணி எட்டு. மெய்யம்மை சாவியை அவர் கையில் கொடுத்தாள். "பக்கத்துல டீக்கடை இருக்கு. மத்தியானத்துக்கு மேல எதாச்சும் வழி பாப்போம்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். பள்ளிக்கூடத்துப் பிளக்கில் செருகலாமா என்று அவர் கேட்டதற்கு, அரசாங்கக் கரண்ட்டில் சொந்த வண்டி ஓடக் கூடாது என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

டீக்கடையில் இளமதி என்ற பெண்தான் அடுப்பில் நின்றாள். ஆதப்பன் யாரென்று விசாரித்துத் தெரிந்துகொண்டதும் பெஞ்சைத் துடைத்துவிட்டாள். "பிசிக்ஸ் டீச்சர் வீட்டுக்காரரா நீங்க? எம் மக பன்னெண்டாவது படிக்கிறா. மூணு வருசமா அந்தப் பாடத்துக்கு ஆளே இல்லை சார். கணக்கு வாத்தியாரு வந்து புத்தகத்தை வாசிச்சுட்டுப் போவாரு. எடுத்துப் படிச்ச புள்ளைகள்லாம் பெயிலு. இந்த டீச்சரும் தூரமாம், மழை முடிஞ்சா நின்னுருவாங்கன்னு பேசிக்கிறாங்களே, மெய்யா சார்?"

ஆதப்பன் டீயைக் குடித்தார். டம்ளரை வைத்துவிட்டு எழுந்து, "இங்கிட்டு வெல்டிங் பட்டறை எதுவும் இருக்காம்மா?" என்று கேட்டார். பெரிய பிளக் எங்கே இருக்கும் என்று இரும்புக்கடைக்காரருக்குச் சொல்லியா தர வேண்டும்?

பட்டறை சூசைராஜுடையது. பள்ளிக்கூடத்துக்கு நாலு வீடு தள்ளி. கிறிஸ்துமசுக்குக் கோயில் வாசலில் கட்டப் பெரிய இரும்பு நட்சத்திரம் ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். முகமூடியைத் தூக்கிவிட்டு, "காருக்கா? என் மிசினே கரண்ட் பத்தாம முனகுதுங்க," என்றார். ஆதப்பன் அவசரப்படவில்லை. அவர் வாங்குகிற வெல்டிங் கம்பியைக் கையில் எடுத்துப் பார்த்தார். ஈரத்தில் வைத்தால் பூச்சு உதிருமே, எங்கே வாங்குறீங்க என்று ஆரம்பித்தார். கால் மணி நேரத்தில் இருவரும் அண்ணன் தம்பி ஆகிவிட்டார்கள்.

சூசைராஜ் பற்றவைக்கும்போது வண்டிக்கு ஏறக் கூடாது. ஏறினால் இரண்டும் படுத்துவிடும். அவர் மிஷினை நிறுத்திக் கம்பியை அறுக்கிற நேரம், தேய்க்கிற நேரம், டீ குடிக்கிற நேரம் எல்லாம் வண்டிக்கு. அதுதான் ஏற்பாடு. ஆதப்பன் பிளக்கைப் போடுவதும் எடுப்பதுமாக நின்றார். வண்டி பட்டறைக்குள் நுழையாது, தெருவில்தான் நிறுத்த வேண்டும். வண்டியோடு வந்த ஒயர் எட்டவில்லை. சூசைராஜின் தடித்த ஒயரை ஒட்டுக் கொடுத்து, அந்த இணைப்பை இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்தார்கள். பத்து மணிக்குத் தூறல் பிடித்தது. இணைப்பில் தண்ணீர் பட்டால் ஆபத்து. சாக்குப் போட்டு மூடலாம் என்றார் சூசைராஜ். மூடினால் சூடேறும் என்று ஆதப்பன் ஒத்துக்கொள்ளவில்லை. இளமதியிடம் ஒரு குடை வாங்கி வந்தார்.

மெய்யம்மைக்கு அன்று நினைப்பு விடைத்தாளில் இல்லை. இருபத்தாறு சதவீதத்தை வைத்துக்கொண்டு புதுக்கோட்டைகூடப் போக முடியுமோ முடியாதோ. வண்டியை இங்கேயே போட்டுவிட்டு மூன்று பஸ் மாறி வீடு திரும்பும்போது, ஆதப்பன் ஒரு வார்த்தை பேசாமல் வருவார். அதோடு எல்லாம் முடிந்துவிடும். தை பிறக்க இன்னும் இருபத்து நாலு நாள் இருந்தது. நாலேகால் மணி அடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

வாசலில் வண்டி இல்லை. தெருவில் பார்வையை ஓட்டினாள். நாலு வீடு தள்ளி வண்டி நின்றது. அதன் பக்கத்தில், அடர்த்தியான தூறலில், ஆதப்பன் நின்றுகொண்டிருந்தார். குடை அவர் தலைக்கு மேல் இல்லை. குனிந்து, செங்கல் மேலிருந்த ஒயர் இணைப்புக்கு மேல் அதைப் பிடித்திருந்தார். வேட்டி முழங்கால் வரை நனைந்து ஒட்டியிருந்தது. தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

மெய்யம்மை ஓடி வந்தாள். "என்னங்க இது? காலையில இருந்து இப்படியேவா நிக்கிறீங்க?"

"அறுபத்தாறு," என்றார் ஆதப்பன். பரீட்சையில் தேறிய பிள்ளையின் குரல் அது. "நாப்பது போனாலும் இருபத்தாறு மிச்சம். நீ சொன்ன கணக்கு சரிதானே?"

அவள் பையைக் கீழே வைத்தாள். சேலைத் தலைப்பால் அவர் தலையைத் துவட்டினாள். தெருவில், சூசைராஜ் பார்க்க, இளமதி பார்க்க, பள்ளிக்கூடம் விட்ட பெண்பிள்ளைகள் நின்று பார்க்க. இருபத்து மூன்று வருடத்தில் அவள் அப்படிச் செய்ததே இல்லை.

"விடு, விடு, பிள்ளைக பாக்குது," என்று அவர் கூச்சத்தோடு நகர்ந்தார். குடையை மடக்கினார். பிளக்கை உருவி, வண்டியோடு வந்த ஒயரைச் சுற்றி, டிக்கியில் வைத்தார். பிறகு ஓட்டுநர் பக்கத்துக் கதவை அவளுக்குத் திறந்துவிட்டார்.

"அந்தக் காயிதத்தை அலமாரியிலதானே வச்சிருக்கே? வீட்டுக்குப் போனதும் எடுத்துக் குடு. நாளைக்கு ஈபி ஆபீசுக்கு நான் போறேன். நீ பள்ளிக்கூடத்துக்குக் கெளம்பு."